அவங்கப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டீச்சர்

சேலத்தில் அரசு உதவி பெறும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள். பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் போகாமல் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மா ஒருவராவது இருப்பார். கைப்பையைத் திறந்து, பேப்பரில் சுற்றிய எதையோ எடுத்து மேஜை மேல் வைப்பார். சில சமயம் உதட்டுக்குள் வைக்கிற கூல் லிப் புகையிலை டப்பா. சில சமயம் கஞ்சா சுருட்டுகிற மெல்லிய காகிதக் கட்டு. காலியான மாத்திரை அட்டையும் வந்திருக்கிறது. இது என்ன என்று யாரும் என்னைக் கேட்பதில்லை. அது என்னவென்று அவர்களுக்கே தெரியும். கேட்பது ஒன்றுதான்: "அவங்கப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் டீச்சர். தெரிஞ்சா வெட்டிப் போட்டுருவாரு."

பையன் என்ன எடுத்தான் என்பதைக் காட்டிலும் இந்தப் பேச்சுதான் எனக்குக் கவலை தரும். அடுத்து நடக்கப்போவது ஓரளவு தெரியும் என்பதால். அம்மா அன்றிலிருந்து பொய் சொல்ல ஆரம்பிப்பார். "தலைவலின்னு படுத்திருக்கான்", "டியூஷன் முடிய லேட்டாகுதாம்" என்று. அரிசி டப்பாவில் சேர்த்து வைத்த சிறுவாட்டுப் பணம் குறையும். அதையும் சொல்ல மாட்டார். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது, அதில் தாராளமாகப் போய் வரலாம் என்று பையனுக்குப் புரிந்துவிடும். கடைசியில் அப்பாவுக்குத் தெரிய வரும்போது விஷயம் முற்றியிருக்கும். அவருடைய கோபத்தில் பாதி பையன் மேல், மீதி "தெரிஞ்சே மறைச்சியா" என்று மனைவி மேல். அந்தச் சண்டையில் பையனை எல்லோரும் மறந்தே போவார்கள்.

அதனால் எதிரில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் நான் முதலில் கேட்பது, "அடிப்பாரா, இல்ல கத்துவாரா?" என்பதுதான். பெரும்பாலும் பதில், "கத்துவாரு டீச்சர், அப்புறம் ரெண்டு நாள் பேச மாட்டாரு." சரி, கத்துகிற அப்பாவிடம் அன்றைக்கே சொல்லிவிடலாம். பையன் வீட்டில் இல்லாத நேரமாக, சாப்பிட்டு முடித்த பிறகு. "ஒரு விஷயம் சொல்றேங்க. நாளைக்குக் காலை வரைக்கும் அவனை ஒண்ணும் கேக்க மாட்டேன்னு சொன்னா சொல்றேன்" என்று ஆரம்பித்தால் போதும். நிஜமாகவே கை நீட்டுகிற அப்பா என்றால் அம்மா தனியாகச் சொல்லக் கூடாது. அப்பாவுடைய அண்ணனோ, பையனுடைய தாய்மாமனோ பக்கத்தில் இருக்கட்டும். வேறு ஆளே இல்லையென்றால் இருவரையும் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லி நான் சொல்லியிருக்கிறேன். (இங்கே எழுதுகிற குடும்பங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். ஊர் சின்னது.)

அடுத்த குழப்பம், என்ன அளவு என்று பார்க்காமல் பயப்படுவது. கிடா வெட்டு விருந்தில் ஒரு கிளாஸ் பீர் குடித்துப் பார்த்த பதினாறு வயதுப் பையனும், கஞ்சா இல்லாமல் தூக்கம் வராத பையனும் நம் வீடுகளில் ஒரே மாதிரி 'கெட்டுப்போன பையன்' ஆகிவிடுகிறார்கள். முதலாமவனை மறுவாழ்வு மையத்தில் கொண்டுபோய்ப் போடலாமா என்று கேட்பார்கள்; இரண்டாமவனை "காலேஜ் போனா தானா சரியாயிடும்" என்று விட்டுவிடுவார்கள். எப்போதிலிருந்து, எத்தனை நாளைக்கு ஒரு முறை, யாரோடு, காசு எங்கிருந்து என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எதையும் முடிவு செய்ய முடியும். கூட்டாளிகளோடு எப்போதாவது என்பது ஒன்று. தனியாக உட்கார்ந்து எடுப்பது, காலையிலேயே எடுப்பது, எடுக்காத நாளில் கை நடுக்கமும் வியர்வையும், வீட்டில் சாமான் காணாமல் போவது, இவையெல்லாம் வேறு. ஊசி போட்ட தழும்பு கையில் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், நேராக டாக்டர்தான். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாட்டில் பல ஊர்களுக்கு வந்துவிட்டது.

கண் சிவந்திருக்கிறது, அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான் என்று பட்டியல் போட்டுக்கொண்டு சந்தேகப்பட வேண்டாம். அப்படிப் பார்த்தால் என் வகுப்பில் பாதிப் பேர் தேறமாட்டார்கள். நான் கவனிப்பது திடீர் மாற்றத்தை. சின்ன வயதிலிருந்து கூட இருந்த நண்பன் காணாமல் போய், பெயர் சொல்லத் தயங்குகிற புது ஆட்கள் வருவது. கபடி, கிரிக்கெட் என்று உயிரை விட்டவன் மைதானம் பக்கமே போகாதது. மார்க் சரிந்தாலும் வருத்தமே இல்லாதது.

சேலம் பட்டறைகள் நிறைந்த ஊர். லேத், வெல்டிங், வெள்ளிக் கொலுசு, டூவீலர் மெக்கானிக் கடை. பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனும் தின்னரும் பையன்கள் கையில் சாதாரணமாகப் புழங்கும். அதை முகர்வதைப் பெற்றோர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, 'அது போதையா?' என்று என்னையே கேட்டிருக்கிறார்கள். எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், முகரும் போதைப் பொருட்களை எடுப்பவர்கள் பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுக்குள் 1.17 சதவீதம். பெரியவர்களைவிடச் சிறுவர்கள் அதிகமாக எடுக்கும் ஒரே வகை இதுதான். முதல் தடவையிலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம், அதுவும் பயந்துபோய் ஓடும்போது. கையும் களவுமாகப் பிடித்தால் துரத்தக் கூடாது, அதட்டவும் கூடாது. ட்யூபை வாங்கி வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, அவனை உட்கார வைக்க வேண்டும்.

சரி, முதல் கிளாஸ் எங்கிருந்து வருகிறது? கெட்ட சகவாசம் என்று சொல்லிவிடுவது சுலபம். பையன்கள் மனம் விட்டுப் பேசும்போது என்னிடம் சொன்ன கதைகளில் முக்கால்வாசி உறவுக்காரர்கள்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி மண்டபத்துக்குப் பின்னால். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊருக்கு வந்த சித்தப்பா. கருமாதி முடிந்த அன்று தோட்டத்தில். "மீசை முளைச்சிருச்சுல்ல, ஒண்ணும் ஆகாது, அடி மாப்ள" என்று நீட்டிய கை யாரோ ஒரு மாமாவுடையது. சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆக வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, டாக்டர் சொல்லாமல், மதுவோ புகையிலையோ போதைப் பொருளோ கொடுப்பவருக்கு இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 77-ஆவது பிரிவின்படி 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்பது அந்த மாமாக்களுக்குத் தெரியாது. அந்தச் சட்டத்தில் சொந்தக்காரர் என்று விலக்கு இல்லை.

கொஞ்சம் வசதியான வீடுகளில் வேறொரு யோசனை இருக்கிறது: வீட்டிலேயே நம் கண் முன்னால் கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் வெளியே போய்க் கெட மாட்டான் என்று. ஆஸ்திரேலியாவில் சுமார் 1,900 பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2018-இல் வந்தது. பெற்றோரே கொடுப்பதால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு எதுவும் கிடைத்ததாக அதில் தெரியவில்லை. அப்படிக் கொடுத்த வீட்டுப் பிள்ளைகள் வெளியிலும் வாங்கிக் குடிப்பதுதான் கூடியது. வயதும் முக்கியம். அமெரிக்காவில் 1990-களில் எடுத்த பெரிய கணக்கெடுப்பொன்றில், 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள்; 20 வயதில் அல்லது அதற்குப் பிறகு தொடங்கியவர்களில் சுமார் 10 சதவீதம். சீக்கிரம் தொடங்குகிற பிள்ளைகள் பல நேரம் ஏற்கெனவே குடிகாரர் இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் என்பதால் வயது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் மூளையில் நிதானத்துக்கும் முன்யோசனைக்கும் உரிய பகுதி இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. தள்ளிப்போகிற ஒவ்வொரு வருஷமும் லாபம்தான்.

மதுவிலக்கு விஷயத்தில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். அவர் சேலத்தில் வக்கீலாக இருந்தவர், நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டார்கள். 1971-இல் கடை திறந்து, பிறகு மூடி, மறுபடி திறந்து, 2003 முதல் அரசே சில்லறையில் விற்கிறது. இப்போது ஆண்டுக்கு 40,000 கோடிக்கு மேல் வருமானம். கடையை மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா எழுந்து பேசினார், கைதட்டலும் கிடைத்தது. எனக்கும் கடை குறைய வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் அந்த அப்பாவின் பையனுக்கு இந்த வாரம் என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் இல்லை.

பையன் தள்ளாடிக்கொண்டு வருகிற அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்றைக்கு எந்த விசாரணையும் வேண்டாம். போதையில் இருப்பவனிடம் பேசுவது வீண். முதலில் உயிர். படுத்துவிட்டான் என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாந்து படுத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். தனியாக விட வேண்டாம், யாராவது ஒருவர் விழித்திருங்கள். எலுமிச்சைச் சாறு, மோர், ஸ்ட்ராங் காபி, தலையில் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர், விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது இதெல்லாம் வேண்டவே வேண்டாம். மயக்கத்தில் இருப்பவன் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். எழுப்பினால் எழவில்லை, மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே பத்து விநாடிக்கு மேல் இடைவெளி, உடம்பு சில்லென்று உதடு நீலமாக இருக்கிறது, வலிப்பு வருகிறது என்றால் 108. 'பக்கத்து வீட்டுக்காரங்க ஆம்புலன்ஸைப் பாத்துருவாங்களே' என்று யோசித்துக்கொண்டிருந்த வீடு எனக்குத் தெரியும். காலையில் தெளிந்துவிட்டாலும், கண் மங்கலாகத் தெரிகிறது, வயிறு வலிக்கிறது என்று சொன்னால் உடனே ஆஸ்பத்திரி. மெத்தனால் கலந்த சாராயம் அப்படித்தான் சில மணி நேரம் கழித்து வேலையைக் காட்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது, சேலம் அரசு மருத்துவமனைக்கும் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். பக்கத்து மாவட்டம்.

அடுத்த நாள் பேச்சு. இதில்தான் நம் வீடுகள் சறுக்குகின்றன. அம்மா செய்யும் முதல் காரியம், பையன் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்து, "என் மேல சத்தியம் பண்ணு சாமி, இனிமே தொட மாட்டேன்னு." அவனும் பண்ணுவான். அந்த நேரத்தில் அவன் மனதாரத்தான் சொல்வான். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் தொட்டுவிட்டால் இனி அவனால் உண்மையைச் சொல்லவே முடியாது. சொன்னால் அம்மா தலை மேல் செய்த சத்தியத்தை மீறியவன் ஆகிவிடுவான். சத்தியம் வாங்கிய அன்றோடு அந்த வீட்டில் பேச்சு முடிந்துபோகிறது. அம்மா சாப்பிடாமல் கிடப்பதும் அப்படித்தான். பையன் குற்ற உணர்ச்சியில் குறுகிப் போவான், கொஞ்ச நாளில் அதை மறக்கவும் எதையாவது தேடுவான்.

வேறு எப்படிப் பேசுவது? நேருக்கு நேர் உட்கார வைத்தால் இந்த வயதுப் பையன்கள் வாயே திறக்க மாட்டார்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது பேசுவார்கள். கன்னங்குறிச்சி மூக்கனேரிப் பக்கம் ஒரு நடை நடந்தால் பேசுவார்கள். கண்டுபிடித்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்: "உன் பையில இது இருந்துச்சு. எனக்கு பயமா இருக்கு." அப்புறம் ஒரு கேள்வி, "இதுல உனக்கு என்ன கிடைக்குது?" கேட்டுவிட்டு நிறுத்த வேண்டும். நிறுத்துவது கஷ்டம், என் வேலையே பேசுவது என்பதால் எனக்கு அது தெரியும். பதில் வரும். "எல்லாரும் பண்றாங்க, நான் மட்டும் எப்படி" என்று வரலாம். "படிச்சா மண்டைல ஏற மாட்டேங்குது, இதை எடுத்தா அந்த நினைப்பு வரல" என்று ஒரு பையன் சொன்னான். அவனுக்குப் படிப்பில் கவனம் நிற்காத பிரச்சினை சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறது, யாரும் டாக்டரிடம் காட்டவில்லை. மன அழுத்தம், பயம், வீட்டில் யாரோ தொடக் கூடாத விதத்தில் தொட்டது, இதெல்லாம் அடியில் இருக்கும். வெறும் ஆர்வத்தில் செய்கிறவர்களும் நிறைய. எது என்று கேட்டால்தான் தெரியும்.

கேட்டுவிட்டோம் என்பதற்காக விட்டுவிடுவது என்று அர்த்தமில்லை. "இந்த வீட்டில் இது கூடாது" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். மீறினால் என்ன என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், நிறைவேற்றக் கூடியதாக. "வீட்டை விட்டு வெளியே போ" என்பது யாரும் நிறைவேற்றப் போவதில்லை; பையனுக்கும் அது தெரியும். ஒரு மாதம் வண்டிச் சாவி கிடையாது, பாக்கெட் மணி கையில் தராமல் பஸ் பாஸ் மட்டும், ராத்திரி எட்டரைக்கு வீட்டில், இவை முடியும். அம்மா ஒன்று, அப்பா ஒன்று சொல்லாமல் இருவரும் ஒரே வாயாகச் சொல்லும்போதுதான் இது செல்லும்.

அப்போது பையன் கேட்பான்: "நீ மட்டும் குடிக்கலாமா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் பல அப்பாக்கள் பேச்சையே எடுப்பதில்லை என்று நினைக்கிறேன், கோபம் என்பது மேலே போட்டுக்கொள்கிற சட்டை. "நான் சம்பாதிக்கிறேன், குடிக்கிறேன்" என்ற பதிலைக் கேட்ட பையன்கள் பட்டறையில் வேலைக்குப் போய் அதே பதிலைத் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாப்பேட்டைப் பக்கம் தறி ஓட்டும் ஒரு அப்பா சொன்னது எனக்குப் பிடித்திருந்தது: "நான் விட முடியாம அல்லாடறதைப் பாத்துட்டுத்தானே இருக்க. உனக்கு இன்னும் அந்த நெலமை வரல." அவர் குடியை விட்டுவிடவில்லை. ஆனால் வீட்டில் பாட்டில் வைப்பதை நிறுத்தினார். சாயங்காலம் பையனைக் கடைக்கு அனுப்பி மிக்சரும் வாட்டர் பாக்கெட்டும் வாங்கி வரச் சொல்வதையும் நிறுத்தினார். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஏழு வயதிலிருந்து சைடிஷ் வாங்கிக் கொடுத்து வளரும் பிள்ளைக்கு அது ஒரு பயிற்சி.

வீட்டுக்கு வெளியே ஒரு ஆள் வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்லச் சொல்லவில்லை. ஒருவர், பையன் மதிக்கிறவர். நம் குடும்பங்களில் தாய்மாமனுக்கு அந்த இடம் இயல்பாகவே இருக்கிறது. அப்பாவிடம் சொல்ல முடியாததை மாமாவிடம் சொல்வார்கள். (ஊற்றிக் கொடுத்த மாமாவே அவர்தான் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.) அக்கா வீட்டுக்காரர், கபடி கோச், டியூஷன் அண்ணா, யாராகவும் இருக்கலாம்.

அப்புறம் கூட்டாளிகளின் பெற்றோர். நாலு பையன்கள் சேர்ந்து மாட்டினால் நாலு வீட்டிலும் "உங்க பையன்தான் கெடுத்துட்டான்" என்று மற்ற மூன்று வீட்டைச் சொல்வார்கள். பள்ளியில் அப்படியொரு பஞ்சாயத்து நடந்தால் பையன்கள் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நாலு அம்மாக்களும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து, எட்டரை மணி என்றால் நாலு வீட்டிலும் எட்டரை என்று வைத்தால் "அவன் வீட்ல விடறாங்களே" என்ற வாதம் எடுபடாது. ஐஸ்லாந்தில் இதை நாடு முழுக்கச் செய்தார்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கூடி ஒரே மாதிரி நேரக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள், ராத்திரியில் தெருவில் நடந்து பார்த்தார்கள், அரசு விளையாட்டுக்கும் பாட்டுக்கும் பணம் கொடுத்தது. 15, 16 வயதுப் பிள்ளைகளில் முந்தைய ஒரு மாதத்தில் போதை ஏறக் குடித்தவர்கள் 1998-இல் 42 சதவீதம். 2016-இல் 5 சதவீதம். ஐஸ்லாந்தில் மொத்த ஜனத்தொகையே சேலம் நகரத்தில் பாதிகூட இல்லை என்பது சரிதான், ஆனால் நாலு வீடு சேர்வதற்கு ஜனத்தொகை தடை இல்லை.

ஏற்காட்டைப் பற்றிச் சொல்லாமல் சேலத்துப் பையன்களைப் பற்றி எழுத முடியாது. பரீட்சை முடிந்த அன்று, பிறந்தநாள் அன்று, "மலைக்குப் போயிட்டு வர்றோம்." ஒரு வண்டியில் மூன்று பேர், 20 கொண்டை ஊசி வளைவு, மேலே பகோடா பாயிண்ட், எங்காவது எஸ்டேட் ஓரம் ஒரு பாட்டில். ஏறும்போது பிரச்சினையில்லை. இருட்டிய பிறகு, பனியில், குடித்துவிட்டு இறங்குவதுதான். 18 ஆகாதவனிடம் கியர் வண்டியைக் கொடுத்த பெற்றோருக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன், பெரிதாக யாரும் அசரவில்லை. அதனால் இப்போது வேறொன்று சொல்கிறேன். பையனிடம் ஒரு ஒப்பந்தம்: "எந்த நேரமானாலும், எந்த நெலமையில இருந்தாலும் போன் பண்ணு. வந்து கூட்டிட்டு வர்றேன். அன்னைக்கு ராத்திரி ஒரு கேள்வி கேக்க மாட்டேன்." இது குடிக்க அனுமதி கொடுப்பது இல்லையா என்று ஒரு அப்பா சண்டைக்கே வந்துவிட்டார். அடுத்த நாள் கேள்வியும் உண்டு, சாவியும் போகும். அன்றைக்கு அவன் அடிவாரம் வரை உயிரோடு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

இனி சிகிச்சை. சுவர்களிலும் பேப்பரிலும் ஒரு விளம்பரம் வரும்: குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்று. அம்மாக்களுக்கு இது மிகவும் பிடிக்கும், யாரிடமும் எதுவும் பேச வேண்டியதில்லை பாருங்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மருந்து உண்மையிலேயே இருக்கிறது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். எடுப்பவருக்குத் தெரிந்தே, அவர் சம்மதத்தோடு, டாக்டர் கண்காணிப்பில் மட்டும் கொடுக்க வேண்டியது அது. கோயிலில் கயிறு கட்டி வேண்டிக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன்; சிலருக்கு அது தெம்பு. ஆனால் தினமும் நிறையக் குடித்தவன் கயிறு கட்டிய அன்றே திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம். கயிறு கட்டும் முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

மையங்கள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. "பையனை விட்டுட்டுப் போங்க, மூணு மாசம் பாக்க வரக் கூடாது" என்று சொல்கிற இடத்திலிருந்து அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, போதை சிகிச்சை மையங்களுக்கும் பொருந்தும். 18 வயதுக்குட்பட்டவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, பெற்றோரோ அவர்கள் ஏற்பாடு செய்யும் ஒருவரோ முழு நேரமும் கூடவே இருக்க வேண்டும் என்று அதன் 87-ஆவது பிரிவு சொல்கிறது. பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். அடித்துத் திருத்துவது வைத்தியமே இல்லை. பெரும்பாலான பையன்களைத் தங்க வைக்கவே தேவையில்லை, வெளிநோயாளியாக வந்துபோனால் போதும். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் இருக்கும் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கிடையாது. 'மனநலம்' என்று போர்டு போட்ட கதவுக்குள் நுழையத்தான் தயக்கம். அந்தத் தயக்கத்தில் தனியாரிடம் போய்க் கடன் வாங்கியவர்களும் உண்டு.

டாக்டரிடம் சொன்னால் போலீசுக்குப் போய்விடும், வேலைக்கு வெரிஃபிகேஷன் வராது என்ற பயம் படித்த வீடுகளில் அதிகம். நோயாளியின் விவரத்தை வெளியிடக் கூடாது என்று அதே சட்டம் டாக்டரைக் கட்டுப்படுத்துகிறது. போதைப் பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது: எடுத்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் தண்டனையிலிருந்து விலக்குப் பெறலாம். விற்கிறவர்களைப் பற்றிச் சொல்ல 10581 தனி எண். பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கும் பெட்டிக்கடையைப் பற்றியும் பேசாமல் இருக்காதீர்கள்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பையன் மறுபடி தொடுவான், அநேகமாக. ரிசல்ட் வந்த அன்று, கோயில் பண்டிகை அன்று, பழைய கூட்டாளி துபாயிலிருந்து வந்த அன்று. "எல்லாம் வேஸ்ட்" என்று சிகிச்சையை நிறுத்திவிடக் கூடாது. முன்பு தினமும் இருந்தது இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்றால், டாக்டருக்கு அது முன்னேற்றம். அவனே வந்து சொன்னான் என்றால் அது பெரிய முன்னேற்றம். சொன்னதற்கு அடி விழுந்தால் அடுத்த முறை சொல்ல மாட்டான்.

பையன் டாக்டரிடம் வரவே மாட்டேன் என்கிறான், என்ன செய்வது என்று கேட்கிறார்கள். அவன் இல்லாமல் நீங்கள் மட்டும் போகலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. எப்படிப் பேசுவது, எதை விட்டுப்பிடிப்பது, பணத்தை எப்படிக் கையாள்வது என்று பெற்றோருக்கே சொல்லித் தருவார்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யலாம், தமிழில் பேசுவார்கள், எந்த நேரமும். போதைக்கென்று 14446. தூக்கம் போய் மாதக்கணக்காகத் தவிக்கிற அம்மா, பையனைப் பற்றிப் பேசாமல் தன்னைப் பற்றி மட்டும் பேசக்கூட 14416-ஐக் கூப்பிடலாம். கொண்டலாம்பட்டியிலிருந்து ஒரு அம்மாவும் அப்பாவும் அப்படித்தான் பையன் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார்கள். பையன் இன்னும் ஒரு தடவைகூடப் போகவில்லை. "அங்க போய் என்னைப் பத்தி என்னதான் பேசுறீங்க?" என்று மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்கிறானாம். அவர்களும் எதையும் மறைக்காமல் சொல்கிறார்களாம்.